ஆவடி முகாமில் நான் கேட்ட தட்டல்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். சுடுகாட்டு ஓரம் லாரியை நிறுத்திப் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றும் வந்து என்னை எழுப்பியதில்லை. இதைக் கேட்டால் நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

யுத்த காலம், வெள்ளைக்காரன் ஆட்சி. ஆவடியில் பட்டாள முகாம் முளைத்துக்கொண்டிருந்தது. நான் அங்கே லாரி டிரைவர், என் பெண்டாட்டியின் அண்ணன் ஏழுமலை அதே வண்டியில் கிளீனர். பூந்தமல்லிப் பக்கமிருந்து பலகை, தகரம், மணல் என்று ஓயாமல் ஏற்றி வருவோம். டிரைவர்கள் கண்ணசந்து வண்டியைக் கவிழ்ப்பது அதிகமாகிவிட்டதால் முகாம் ஆஸ்பத்திரிக்கு ஒரு பட்டாள டாக்டர் வந்தார், நம் ஊர்க்காரர்தான். மனுஷன் மூளைக்குள் துளித்துளியாக மின்சாரம் ஓடுகிறது, அதை அளந்தால் ஒருவன் கவனமாக இருக்கிறானா அசந்துவிட்டானா என்று தெரிந்துவிடும் என்றார். அதையும் நான் நம்பவில்லை என்று வையுங்கள்.

என் முறை வந்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில். "நீ போயி தலைல ஒயர் கட்டிக்கினு குந்து மாப்ளே, நான் பதுங்குகுழியாண்ட தகரத்த எறக்கிட்டு வந்துர்றேன்" என்று சிரித்துக்கொண்டே போனார் ஏழுமலை. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள முகாமின் அந்தக் கோடியில் குழி வெட்டித் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் என் தலையில் பசை தடவிச் சின்னச் சின்னத் தகடுகளை ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், காதில் டிக் என்று கேட்டதும் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடுகிற காகிதத்தில் மூன்று பேனா எழுதும். ஒன்று என் மூளையின் அலை, ஒன்று அவர் அனுப்புகிற சத்தம், மூன்றாவது என் பொத்தான். சும்மா இருந்தால் அலை பெரிதாகப் புரளுமாம், எதையாவது கவனித்தால் சுருங்கிவிடுமாம்.

கேட்கக் கேட்க அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் டிக் போய் வேறு சத்தம் வந்தது. தகரத்தை விரல்முட்டியால் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. இதுவும் பரீட்சைதான் போல என்று அதற்கும் அமுக்கினேன். டாக்டர் தோளைத் தொட்டார்.

"மாணிக்கம், நான் சத்தத்தை நிறுத்தி அஞ்சு நிமிஷமாச்சு. எதைக் கேட்டு அமுக்கறே?"

"டொக்கு டொக்குன்னு கேக்குதே சார். தகரத்துல தட்றாங்க."

வேறு ஒருவராக இருந்தால் திட்டி வெளியே அனுப்பியிருப்பார். அவர் காகிதத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். அவருடைய கோடு வெறுமையாக இருந்தது, நான் அமுக்கிய இடங்களில் எல்லாம் என் மூளையின் அலை சுருங்கிக் கிடந்தது.

"நீ பொய் சொல்லலை. நிஜமாவே எதையோ கேட்டிருக்கே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தட்டு, ஒரு தட்டு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஏழுமலை பக்கத் தகரத்தில் தட்டுவது அப்படித்தான், நிறுத்து என்று அர்த்தம்.

"சார், அது என் மச்சான் சார்!"

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒயர்களைப் பிய்த்துவிட்டு, வழிகிற பசையோடு நான் ஓட, பின்னாலேயே அவரும் ஓடி வந்தார். அரை மைல் இருக்கும். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், குழி இருந்த இடத்தில் ஈர மண் சரிந்து மூடிக் கிடந்தது. இரண்டு பேரும் கையாலேயே அள்ளினோம், டாக்டர் அந்த உடுப்போடு முழங்கால் போட்டு அள்ளினார். கடைசியில் தகரம் தெரிந்தது. தூக்கினால் அதற்கடியில் கொஞ்சம் இடைவெளி, அதில் ஏழுமலையின் முகம், மூச்சு இருந்தது. இரண்டு கையும் தோள்வரை மண்ணுக்குள் இறுகியிருந்தன.

பிழைத்துவிட்டார். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து பேரப்பிள்ளைகளையும் பார்த்தார். காப்பாற்றியது மாங்காட்டு அம்மன்தான் என்று என் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்கிறாள், இருக்கட்டும். காகிதத்தைப் பார்த்து ஒரு லாரிக்காரன் பேச்சை நம்பிய அந்த டாக்டருக்கு நான் மனதுக்குள் கும்பிடாத நாளில்லை.

ஆனால் ஒன்று. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள மச்சான், உடாம தட்டிக்கினே இருந்த" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா மாப்ளே சொல்ற? கைய அசைக்கவே முடியல, நான் எங்க தட்றது? மேல இருந்து நீதான தட்டிக்கினு இருந்த. நீ வந்துட்டன்னுதான நான் உசுரப் புடிச்சிக்கினு கெடந்தேன்."

அந்தத் தகரத்தின் மேல் இடுப்பளவு மண் கிடந்தது. அதை அள்ளியவனே நான்தான்.