கண்டக்டர் லூர்து பிரகாஷின் வலது காது

எங்கே பாட்டுக் கேட்டாலும் லூர்து பிரகாஷ் இடது காதைப் பொத்திக்கொள்வார். டீக்கடையோ, கல்யாண மண்டபமோ, தேர்தல் ஜீப்போ, எதுவானாலும் சரி. வலது காதை மட்டும் பாட்டு வரும் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். விழுப்புரம்–திண்டிவனம் தடத்தில் அவரோடு ஓடிய டிரைவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரு காது மந்தம் என்றே நினைத்திருந்தார்கள். மகள் வெனிலாவும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தாள். யாராவது கேட்டால், "எங்கப்பாவுக்குக் காதுல சீழு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். அது சீழ் இல்லை, ஆத்திரம் என்று தெரிய வந்தபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். சொன்னது அவள் அம்மா டயானா.

1993இல் நடந்தது அது. திண்டிவனத்துக்கு மேற்கே, லூர்து பிரகாஷ் பிறந்த ஊரின் மாதா கோயிலுக்கு வெள்ளி விழா. விழாவுக்கு ஒரு கேசட் போடுவதென்று பாடகர் குழுத் தலைவர் சவுரிராயன் வாத்தியார் முடிவு செய்தார். குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஊர்த்தெருக்காரர்கள். காலனிக்காரர்களும் அதே கோயில்தான், அதே மாதாதான், ஆனால் பாட்டு மேடையில் ஏறக்கூடாது. தனிப்பாட்டு வாத்தியாரின் மகள் பிலோமினாவுக்கு என்று வைத்திருந்தார்கள். பதிவு நாளன்று பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாண்டியிலிருந்து வந்த ரெக்கார்டிங்காரர் மறுநாளைக்குத் தங்க மாட்டேன் என்றுவிட்டார். அப்போதுதான் யாரோ லூர்து பிரகாஷின் தங்கை இருதயமேரியை ஞாபகப்படுத்தினார்கள். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தவளைக் காலில் மண்ணோடு கூட்டிவந்தார்கள். மேடையில் ஏற்றவில்லை. சாமியார் பூசை உடுப்பு மாட்டும் அறையின் வாசலில் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். மேடையில் பிலோமினா நின்றாள்.

கேசட் வந்தது. அட்டையில் பிலோமினாவின் பெயர் இருந்தது.

இருதயமேரி அதற்குள் காலனி முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண், சொல்லாமல் இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்து பிரகாஷ் கோயில் வாசலிலேயே வாத்தியாரை மறித்தார்.

"என் தங்கச்சி பேரு எங்கங்க?"

"எந்தத் தங்கச்சி?" என்றார் சவுரிராயன்.

"பாடுனாளே, இருதயமேரி."

"அவ பாடனது சரியா வரலன்னு அன்னிக்கே தூக்கியாச்சு. கேசட்டுல அவ கொரலு இருக்குதுன்னா எந்த எடம்னு காட்டேன் பாக்கலாம். உனக்குத்தான் பஸ்ஸு சத்தத்துலயே காது தெறந்துகினு இருக்குமே."

கூட்டம் சிரித்தது. காலனிக்காரர்களும் சிரித்தார்கள், அதுதான் கொடுமை. அதன்பிறகு இருதயமேரியின் பெயரே "கேசட்டு மேரி" ஆகிவிட்டது. குழாயடியில் குடம் வைத்தால், "ஒரு பாட்டு போடேன், கேசட்டு" என்பார்கள். அவள் பாடுவதை விட்டாள். பூசையில் எல்லாரும் சேர்ந்து பாடும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், தன் பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூடப் பாடவில்லை.

"அவன் வாயாலயே சொல்ல வெக்கிறேன்" என்று லூர்து பிரகாஷ் அன்றைக்குச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. பாண்டிக்குப் போய் ரெக்கார்டிங்காரரைத் தேடிப் பிடித்தார். இரண்டு மைக் வைத்ததாகவும், கதவுப் பக்கத்து மைக்கில் விழுந்ததெல்லாம் கேசட்டில் வலது காதுக்கு வரும் என்றும் அவர் சொன்னார். அன்றிலிருந்து லூர்து பிரகாஷ் வாக்மேனில் வலது காதுக் குமிழை மட்டும் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்கத் தொடங்கினார். அந்தப் பழக்கம்தான் டீக்கடை வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

தங்கையின் குரல் அவருக்குக் கேட்டது. ஆனால் கூட்டுக்குரலுக்குப் பின்னால், நாடாவின் இரைச்சலுக்கு அடியில், நிழல் மாதிரிதான் கேட்டது. வேறு யாரிடம் மாட்டிக் காட்டினாலும், "பிலோமினா கொரலுதாம்பா" என்றார்கள். வாக்மேன் போய் டெக் வந்தது. டெக் போய் லேப்டாப் வந்தது. மாதா கோயில் அலுவலகப் பரணில் பிரிக்காமல் கிடந்த ஒரு கேசட்டை எப்படியோ வாங்கிவந்து, பாண்டி ஸ்டுடியோ ஒன்றில் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டார். காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்ஃபோன் ஒன்றும் வாங்கினார். லேப்டாப்பின் ஓட்டையில் நேராகச் சொருகினால் அது முனகத்தான் செய்தது. அதை அசைக்கும் தெம்பு லேப்டாப்புக்கு இல்லை.

வெனிலா சென்னையில் என்ஜினியரிங் படித்தபோது ரிச்சி தெருவில் அலைந்து இரண்டு பழைய பெட்டிகள் வாங்கிவந்தாள். ஒன்று கம்ப்யூட்டரில் எண்ணாக இருப்பதை ஒலியாக மாற்றும் டி.ஏ.சி. இன்னொன்று அந்த ஒலிக்குத் தெம்பு கொடுக்கும் ஆம்ப். இரண்டையும் ஒயரால் இணைத்ததும் குரல் கொஞ்சம் கிட்டே வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சலும் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டு எர்த்து சரியில்லை என்று எலெக்ட்ரீசியன் சொன்னார். எர்த்துக் குழியில் உப்பும் கரியும் போட்டார்கள். தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது டயானாவின் வேலையானது.

"இத்தினி தண்ணிய ஒரு தென்னங்கன்னுக்கு ஊத்திக்கினு இருந்தா இந்நேரம் எளநி குடிச்சிருப்பேன்" என்பாள் அவள்.

"ஊத்து. கொறையுது பாரு" என்பார் இவர்.

குறையவில்லை.

2014இல் வெனிலாவுக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வருடத் திருவிழாவில் சவுரிராயன் வாத்தியாருக்குப் பாராட்டு என்று செய்தி வந்தது. கோயிலுக்கு இசைத்தொண்டு செய்ததற்காகப் பொன்னாடையாம். அதைக் கேட்டதிலிருந்து லூர்து பிரகாஷ் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. டி.ஏ.சி.யும் ஆம்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கருவி ஒன்றை வெனிலா ஆன்லைனில் வரவழைத்தாள். விழுப்புரம் வீட்டுக்குக் கூரியர் வந்த அன்று அவளும் லீவு போட்டு வந்திருந்தாள்.

"இன்னாடி இது, சோப்பு டப்பா மாதிரி இருக்குது?"

"ரெண்டு பொட்டியும் இதுக்குள்ளதாம்பா இருக்குது. நடுவுல ஒயரே கெடையாது. கரண்டுகூட லேப்டாப்புலர்ந்தே எடுத்துக்கும். இரைச்சல் வர்றதுக்கு வழியே இல்ல."

அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து முகம் சுருங்கியது.

"வேல செய்யல. சத்தமே காணும்."

"பாட்டு இன்னும் போடவே இல்லப்பா."

இரைச்சல் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். வெனிலா பாட்டைப் போட்டாள். முதல் சரணம் முடியும்வரை அவர் அசையவில்லை. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஆர்மோனியம் நிற்கும் இடத்தில் திடீரென்று நிமிர்ந்தார். கையை ஆட்டித் திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும். மறுபடியும். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மகளின் தலையில் மாட்டினார்.

வெனிலா கேட்டாள். ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விட்டது. தூரத்தில் ஒரு காக்கை. வலது பக்கம், அடிக்குரலில் ஒரு ஆண்: "அங்கயே நில்லு மேரி. வாசப்படி தாண்டாத. ம், எடு." அதன்பிறகு அந்தக் குரல். கழனியில் எட்ட நிற்பவளைக் கூப்பிடும்போது கடைசியில் ஒரு தூக்குத் தூக்குவார்களே, ஒவ்வொரு அடியின் முடிவிலும் அந்தத் தூக்கல் இருந்தது. பிலோமினாவுக்கு அது ஜென்மத்துக்கும் வராது.

"மாட்டிக்கினான்டி!" என்றார் லூர்து பிரகாஷ். "அவன் வாயாலயே மாட்டிக்கினான்!"

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அத்தையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று வெனிலா காத்திருந்தாள். சொல்லவில்லை. அது அவளுக்கு உறுத்தியது. ஆனால் அவளுக்கும் உள்ளே ஒரு குதூகலம் இருக்கத்தான் செய்தது. ஹாஸ்டலில் சொந்த ஊர் எது என்று கேட்டபோதெல்லாம் "திண்டிவனம்" என்று சொல்லிவிட்டு, எந்தத் தெரு என்ற கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றியவள் அவள். ஊரே இந்தக் குரலைக் கேட்டால் தன்னிடம் வளைந்துபோன எதுவோ நிமிர்ந்துவிடும் என்று தோன்றியது. இது அத்தைக்காகவா, எனக்காகவா என்று கேட்டுக்கொண்டாள். பதில் தெரியாமலேயே அத்தைக்குப் போன் செய்தாள்.

"என் கொரலு எப்புடிடி இருக்குது?" என்று கேட்டாள் இருதயமேரி. "நானு கேட்டதே இல்ல. எனக்கு ஒரு வாட்டி போட்டுக் காட்டச் சொல்லு அண்ணங்கிட்ட."

"சொல்றேன் அத்தை. திருவிழாவுக்கு வந்துடு."

அப்பா மறுத்துவிட்டார். "அவ வந்தா அழுவா. அவ அழுதா அவனுங்களுக்குக் கொண்டாட்டமா பூடும். மொதல்ல இது முடியட்டும். அப்பறம் நானே எடுத்துக்கினு போறேன்."

திருவிழாப் பூசை முடிந்து, கோயில் மைதானத்தில் சவுரிராயனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள், எதிரே புங்கமரத்தடியில் லூர்து பிரகாஷ் ஒரு ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பையும் பெட்டியையும் ஹெட்ஃபோனையும் வைத்துவிட்டார்.

"வெள்ளி விழாக் கேசட்டுங்க! வாத்தியார் பேசறத வாத்தியார் கொரலுலயே கேளுங்க! எல்லாரும் வரிசையா வாங்க!"

அந்தக் கோயிலில் பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பம் வாங்க முதலில் ஊர்த்தெருக்காரர்கள் போவார்கள். அவர்கள் முடித்துத் திரும்பிய பிறகுதான் காலனிக்காரர்கள் எழுந்திருப்பார்கள். எங்கும் எழுதி வைக்காத வரிசை. லூர்து பிரகாஷ் அதைத் திருப்பிப் போட்டார். "எங்காளுங்க மொதல்ல. மத்தவங்க பின்னாடி நில்லுங்க." ஊர்த்தெரு ஆள் ஒருவர் முன்னால் வந்ததும், "பின்னாடின்னு சொன்னேனே, காதுல வுழல?" என்றார்.

முதலில் மாட்டிக்கொண்டவர் சின்னக்கண்ணு. 'கேசட்டு மேரி' என்ற பெயரை வைத்த ஆளே அவர்தான். கேட்டதும், காது மூடியிருந்ததால் அவர் பேசியது கத்தலாக வந்தது: "மேரிடா! நம்ம மேரிடா! வாத்தியாரு 'நில்லு'ங்கறாருடா!"

அந்தக் கத்தல் போதுமானதாக இருந்தது. வரிசை நீண்டது. காலனிப் பிள்ளைகளுக்குப் பின்னால், பட்டுச்சேலையும் வெள்ளைவேட்டியுமாக ஊர்த்தெருக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். கேட்டவர்கள் மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பிலோமினாவும் வந்து நின்றாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கேட்டு முடித்து, ஹெட்ஃபோனைப் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும்ணே. அன்னிக்கு நான் வாயத்தான் அசைச்சேன். அப்பாவுக்குப் பயந்துகினு வெளிய சொல்லாம இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

எல்லாருக்கும் கடைசியில், பொன்னாடையோடு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு சவுரிராயன் வந்தார்.

"எனக்கும் குடு பிரகாஷு. என்னா சொன்னன்னு நானும் கேக்கறேன்."

"அங்கயே நில்லுங்க வாத்தியாரே."

கிழவர் நின்றார். லூர்து பிரகாஷ் அவசரமே படாமல் ஒயரைச் சுருட்டினார். பெட்டியைத் துண்டில் சுற்றினார். லேப்டாப்பை மூடினார். "பேட்டரி தீந்துபோச்சுங்க" என்றார். பாதிக்குமேல் பேட்டரி இருந்ததை வெனிலா பார்த்திருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிஷம் இனித்தது என்பதையும் அவளால் மறுக்க முடியாது. சவுரிராயன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பஸ் ஏறும்வரை அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை வாங்கி, வழி நெடுகத் தின்றுகொண்டு வந்தார்.

அதோடு முடியும் என்று வெனிலா நினைத்தாள். முடியவில்லை. அன்றைக்குத் திருவிழாவுக்கு வராத ஊர்த்தெருக்காரர் யாரையாவது பஸ்ஸில் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, டீ கொடுத்து, மாட்டிக் காட்டுவார். அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் வெனிலா கேட்பாள்.

"அத்தைகிட்ட எப்பப்பா எடுத்துக்கினு போவ?"

"வர்ற வாரம். கண்டமங்கலம் இன்னா அமெரிக்காவுலயா இருக்குது?"

2017இல் ஒரு காலை டூட்டியில், விக்கிரவாண்டி அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் பையோடு சாய்ந்தவர் எழவில்லை.

அடக்கத்துக்கு வந்த இருதயமேரி காரியங்கள் முடியும்வரை தங்கினாள். புறப்படும் நாளன்று வெனிலா லேப்டாப்பைத் திறந்து, பெட்டியை இணைத்து, ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருதயமேரி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். கோபமாக இல்லை.

"வேணாம் வெனிலா. ஊரே கேட்டுச்சு. சிரிச்சவங்களுக்கெல்லாம் அண்ணனே கூப்புட்டு மாட்டிவுட்டான். நீ மாட்டினா அது நீ குடுக்கறது. அவன் குடுக்கல இல்ல?"

திறந்திருந்த திரையில் பாட்டு தொடக்கத்திலேயே நின்றிருந்தது. அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கண்டமங்கலம் வழியாகப் போகும் பாண்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.