பொலித்தீன் பையில் எட்டு அடையாள அட்டைகள்

1998 மார்ச் 11, புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு, நான் கிளாக்கராக இருந்த கம்பனியின் கந்தோரைத் திறந்தேன். ஏழே காலுக்கு, துறைமுகத்துக்குள் போகும் எங்கள் ஆட்களின் அனுமதிப் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். கப்பல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுப்பது எங்கள் சிறிய கம்பனியின் தொழில். தோய்க்கும் எட்டுப் பெண்களையும் கூலிக்கு ஆள் சேர்த்துத் தரும் ஒரு கொந்தராத்துக்காரர் அனுப்பினார். அவர்களின் ஐசி என்னும் அடையாள அட்டைகளை வழக்கம்போல அவரே ஒரு பொலித்தீன் பையில் கொண்டுவந்து தந்தார்; எழுதி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். இரண்டு வருடமாக அதை நல்ல ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன்.

அன்று அவர்களில் வெருகல் ஊர்ப் பெண் ஒருத்தி மேசையருகே வந்தாள்.

"ஐயா, அம்மாவுக்குக் கடும் சுகமில்லை. ஐசி இல்லாமல் ஆமிச் சென்றி தாண்ட ஏலாது. கேட்டால் இந்தக் கொந்தராத்துக்காரர் தாறார் இல்லை. போனால் நான் திரும்பி வரமாட்டனாம்."

பையோடு முதலாளியிடம் ஓடினேன்.

"அவையின்ர ஐசியை அவையின்ர கையில குடுங்கோ," என்றார் அவர்.

பெயர் வாசித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.

"இவையள் துலைச்சுப் போடுவினம் ஐயா! நான் பத்திரமாய் வைச்சிருந்தனான்!" என்று கொந்தராத்துக்காரர் கத்தினார்.

"அப்ப உங்கட ஐசியையும் தாங்கோ, நான் பத்திரமாய் வைச்சிருக்கிறன்," என்றார் முதலாளி.

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வெருகல் பெண் அட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஊருக்குப் போக மூதூர் லோஞ்ச் படகைப் பிடிக்க ஓடினாள். லோஞ்ச் புறப்படும் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்குதுறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் ஏறியிருந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, எங்களுக்குப் படகோட்டிகளைத் தரும் மற்றக் கொந்தராத்துக்காரரிடம் போய், அவர்களுடைய அட்டைகள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டேன்.