போணிக்கு முன்னால்

கொத்தமல்லிக் கட்டை உதறும்போது வேரிலிருந்து தெறிக்கிற ஈரமண்ணின் வாசனை பலருக்குப் பிடிக்கும். நான் அது மூக்கில் ஏறியதும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த அந்த மாங்காய்ப் பருவத்தில், சித்தூரில் எங்கள் தெருவுக்குள் விடிந்தும் விடியாமலும் அந்த வாசனை வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னாலேயே தெருமுனையில் மூங்கிலைக் குறுக்கே போட்டுக் கட்டும் சத்தம் கேட்கும். இனி உச்சிவேளை வரை எங்கள் தெருவுக்குள் ஒரு வண்டியும் வராது.

எங்களுடையது ஒரு பக்கம் சுவர் அடைத்த தெரு. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாய்தான். அதன் பக்கத்தில் இருந்த "ரைத்து பஜாரில்", தாங்கள் விளைவித்ததைத் தாங்களே கொண்டுவந்து விற்கிற குடிபாலா, புத்தலப்பட்டு ஊர்க் குடியானவர்களுக்கு இடம் போதவில்லை. ஆகவே காலை வேளையில் எங்கள் தெருவை மூடி, பஜாரை அதற்குள் நீட்டிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, முதலில் நாங்களே சந்தோஷப்பட்டோம். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, பேரத்தில் யாருக்கும் சளைக்காதவள். வாசற்படியில் உட்கார்ந்தபடியே கத்தரிக்காய் பொறுக்கலாம் என்று அவளுக்கு ஒரே கொண்டாட்டம். நைனாவுக்குத்தான், எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தொல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டிய அவர், விடிந்தால் வண்டியை வெளியே எடுக்க முடியாதென்று, முந்தின சாயங்காலமே அதைப் பெரிய ரோட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அம்மா நிறைமாதமாக இருந்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் கண்டால் ஓர் அடிகூட நடக்க விடாதீர்கள், வண்டியை வாசலுக்கே வரவழைத்து, படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்ன நாள் இன்னும் வரவில்லை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா புரண்டு படுத்தாலும் பயம், இருமினாலும் பயம். மூங்கில் கட்டும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி, இந்தக் குவியலுக்கும் அந்தக் குவியலுக்கும் நடுவில் நைனாவின் ஆட்டோ நுழையுமா என்று கண்ணாலேயே அளப்பேன். எந்த நாளும் நுழையாது என்றுதான் தோன்றும்.

நைனா சும்மா இருக்கவில்லை. பஜாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபீசரிடம் போய்ச் சொன்னார். "தோவ உண்ட்டுந்தி லேம்மா," வழி இருக்கும் என்று, கூடப் போன அத்தையைப் பார்த்துத் தெலுங்கில் தைரியம் சொல்லி அனுப்பினார் ஆபீசர். சொன்னபடியே தெரு நடுவில் வழி விட்டு, அதன் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடும் போட்டார்கள். தக்காளிக் கூடை ஒன்று கோட்டில் ஏறியது, அதைப் பார்த்து முள்ளங்கி ஏறியது, கூட்டம் மிதித்ததில் கோடே காணாமல் போயிற்று.

அது நடந்த அன்று, வெளிச்சம் அப்போதுதான் பரவியிருந்தது. அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பாயெல்லாம் சிவப்பு. நைனா சட்டைகூடப் போடாமல் ஓடினார். மூங்கிலை அவிழ்த்துத் தள்ளினார், ஆட்டோவின் மூக்கைத் தெருவுக்குள் நுழைத்தார், அங்கேயே நின்றுபோனார். குடியானவர்கள் சாக்குகளை விரித்துக் காயைக் கொட்டிவிட்டார்கள், வாங்க இன்னும் ஒருவரும் வரவில்லை. அந்த வேளைதான் கெட்ட வேளை. முதல் வியாபாரத்தைப் "போணி" என்பார்கள். போணி ஆவதற்கு முன் விரித்த சாக்கைச் சுருட்டினால் அன்றைய பிழைப்பே சுருண்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"போணி ஆவலண்ணா, விரிச்ச சாக்க எப்டி எடுப்பேன்?" என்றாள் முதல் கீரைக்காரி. அவள் கெட்டவள் இல்லை. சொல்லும்போதே அவள் முகம் வாடிவிட்டது.

"ரோடு இன்னா உங்க ஊட்டு ரோடா?" என்று நைனா கத்தினார். அவர்களும் கத்தினார்கள். ஆட்டோ அசையவில்லை. வாசலில் நின்ற நான், ஆட்டோவுக்கும் எங்கள் படிக்கும் நடுவில் எத்தனை சாக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். "டேய், சண்ட போட்டுகினு நிக்காத, சில்லறப் பைய குடு!" என்று நைனாவின் இடுப்பிலிருந்து ஆட்டோக் கூலிப் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "போணி பண்றேன், எதுனா குடு, சாக்க எடு!" என்று ஒவ்வொரு கடையாகக் காசைப் போட்டுக்கொண்டே வந்தாள். கால் ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற அத்தை அன்று விலையே கேட்கவில்லை. கிடைத்த கீரை, வெண்டை, பச்சைமிளகாய் எல்லாம் முந்தானையில் விழுந்தன. காசு வாங்கியவர்கள் அந்த அவசரத்திலும் அதைக் கண்ணில் ஒற்றி, தராசில் தொட்டு, பிறகுதான் சாக்கை இழுத்தார்கள். அவர்கள் கண்ணில் ஒற்றுகிற அந்த ஒரு கணம் என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டோ அவள் பின்னால் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வாசலுக்கு வந்ததும் அதே கீரைக்காரிதான் அம்மாவின் தலைப்பக்கம் பிடித்து ஏற்றினாள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். தம்பி பிறந்தான், சாயங்காலம் வரைதான் இருந்தான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா சொல்லவில்லை, நைனா கேட்கவும் இல்லை. அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்றுவரை கேட்கப்படாமலே இருக்கிறது.

அம்மா திரும்பி வந்த மறுநாள் காலை வழக்கம்போல மூங்கில் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். தெருமுனையிலிருந்து எங்கள் படி வரைக்கும், ஓர் ஆட்டோ தாராளமாக வரும் அளவுக்கு நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோடு இல்லை, சொல்ல ஆபீசரும் இல்லை. இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருங்கியிருந்தார்கள், ஆனால் அந்த வழியில் ஒரு கத்தரிக்காய்கூடக் கிடக்கவில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அந்தத் தெருவே இல்லை. எங்கள் வீடும் பக்கத்து வீடுகளும் இடிக்கப்பட்டு, தகரக் கூரையும் சிமெண்டு மேடையுமாகப் பஜார் நிரந்தரமாகிவிட்டது. அவர்கள் விட்ட வழியில் இன்று உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. நான் திருப்பதியில் குடியிருக்கிறேன். இங்கேயும் எங்கள் வீட்டருகே காய்கறிச் சந்தைக்கு இடம் போதாமல், பக்கத்துத் தெருவைக் காலையில் மூடப்போகிறார்களாம். நல்ல காரியம்தான், நானும் அங்கேதான் காய் வாங்குகிறேன். ஆனாலும் மனசு கேட்காமல் போன வாரம் அந்தத் தெருவைப் பார்க்கப் போனேன்.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "இன்னாக்கா பாக்கறீங்க, கடை போடப் போறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. ஒரு ஆட்டோ போற அளவுக்கு வழி விடச் சொல்லி இப்பவே கேட்டு வெச்சுக்கங்க."

அவள் சிரித்தாள். "ஆட்டோ எதுக்குக்கா? எங்க ஊட்ல எல்லாரும் நல்லாத்தான கீறோம்."

"நாங்களும் நல்லாத்தாம்மா இருந்தோம்," என்றேன்.