பொம்மைப் புத்தகமும் கைவிசேஷமும்

மழையில் நனைந்த பள்ளிப் பைக்குள் இரண்டு நாள் கிடந்த புத்தகத்தை விரித்தால், புளித்த மாவும் அச்சு மையும் கலந்தது போன்ற ஒரு மணம் வரும். மலிவுத் தாளின் மணம் அது. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் நூலகத்தின் கடைசி அடுக்கிலிருந்து நான் இரவல் வாங்கிய ஜப்பானியச் சித்திரக் கதைகள் எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது, என் பன்னிரண்டாவது வயதின் குளிர்காலம் முழுவதும் அந்த மணத்துக்குள்தான் கழிந்தது.

அவை சிறுவர்களுக்கான கதைகள் அல்ல. வட்டிக்குக் கொடுப்பவர்களும் அவர்களிடம் அகப்பட்டு மீள முடியாமல் போனவர்களும்தான் அவற்றில் இருந்தார்கள். வாடகைக் கார் ஓட்டுபவன், சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்த தாதி, பிள்ளையின் பிறந்தநாளுக்காகக் கடன் வாங்கிய தகப்பன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். மழைச்சட்டை போட்ட ஒருவன் கதவைத் தட்டுவான், உள்ளே இருப்பவன் தரையில் நெற்றி முட்ட விழுந்து மன்றாடுவான், அடுத்த பக்கத்தில் அந்த வீடு வெறுமையாக இருக்கும். பாதிதான் விளங்கும் ஆங்கிலத்தில் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அம்மா, "இவ்வளவு வளந்தும் பொம்மைப் புத்தகம் பாக்கிறாள்" என்று சலித்துக்கொள்வார்.

வாசிப்பதை விட்டால் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. யாரும் என்னைக் கேலி செய்ததில்லை, மணி அடித்ததும் எல்லோரும் சிரித்தபடி கையசைத்துவிட்டுத் தங்கள் சைக்கிள்களில் ஏறிப் போவார்கள், அவ்வளவுதான். கேலியாவது செய்திருக்கலாம் என்று சில நாட்களில் தோன்றும். அம்மா முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குப் போய்விடுவார். விடியற்காலையில் தொழிற்சாலைக்குப் போய்வரும் அப்பா மேல்மாடி அறையில் படுத்திருப்பார். படுத்திருப்பாரே தவிர, உறங்கமாட்டார்.

அப்பாவுக்கு உறக்கம் போன காரணம் "சீட்டு". ஹோர்சன்ஸ் நகரில் இருந்த பரமு மாமா எங்கள் ஆட்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்தார். மாதாமாதம் எல்லோரும் கட்டுவார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தமாக எடுப்பார். சித்தப்பாவை வெளிநாட்டுக்கு எடுப்பதற்காக அப்பா முந்திக்கொண்டு எடுத்துவிட்டார். பிறகு தொழிற்சாலையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அப்பாவால் மிச்ச மாதங்களுக்குக் கட்ட முடியவில்லை. அப்பா கட்டாததையெல்லாம் பரமு மாமாதான் தன் பையிலிருந்து போட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறையிலிருந்து கேட்ட ஒரு சொல்தான். அம்மா "கடன்காரர் வந்தால் என்ன சொல்லுறது?" என்பார். அப்பா "நான்தானே கடன்காரன்" என்பார். தமிழில் கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர் என்ற விசித்திரம் விளங்காமல், யார் யாரைத் தேடி வரப்போகிறார்கள் என்று நான் குழம்பிக் கிடந்தேன். குழப்பத்தைப் புத்தகங்கள் தீர்த்துவைத்தன. மழைச்சட்டைக்காரன் பரமு மாமா, காணாமல் போகப்போவது அப்பா. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பள்ளியில் சொன்னால் விளங்காது, வீட்டில் சொல்ல என்னிடம் போதிய தமிழ் இல்லை. அந்தப் பயத்துடன் நான் தனியாகவே இருந்தேன்.

பனி உருகி வாசலெல்லாம் சேறாய்க் கிடந்த ஒரு பிற்பகலில் பரமு மாமா வந்தார். காரின் சத்தம் கேட்டதுமே அப்பா மாடிப்படியில் வந்து நின்று, தான் இல்லை என்று சொல்லும்படி கையால் காட்டிவிட்டு உள்ளே போனார். நான் கதவைத் திறந்தேன். குள்ளமான, மூக்கு சிவந்த ஒரு மனிதர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மழைச்சட்டைதான் போட்டிருந்தார்.

சொல்லித் தந்த பொய் எனக்கு வாயில் வரவில்லை. ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவே முழந்தாளிட்டு, புத்தகத்தில் பார்த்தபடியே நெற்றி தரையில் முட்ட அவர் காலடியில் விழுந்தேன். அப்பாவைக் கொண்டுபோக வேண்டாம், நான் வளர்ந்து உழைத்து எல்லாவற்றையும் கட்டுகிறேன் என்று டேனிஷில் சொல்லிச் சொல்லி அழுதேன். மன்றாடுவதற்கு எனக்கு அந்த மொழிதான் தெரிந்திருந்தது.

பிறகு என் தலையில் ஒரு குளிர்ந்த கை வந்து நின்றது.

"எழும்பு பிள்ளை. வருசப்பிறப்பண்டு பெரியாக்களை இப்பிடித்தான் கும்பிட வேணும். ஆர் உனக்குப் பழக்கினது?" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காசுத் தாளை எடுத்து என் கையில் வைத்தார். "இது கைவிசேஷம். செலவழியாமல் வைச்சிரு."

அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். வருடப்பிறப்பில் பெரியவர்கள் ஆசி சொல்லிக் காசு கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அது எந்த நாளில் வரும் என்பதுதான் தெரியாது. டென்மார்க்கில் எங்களுக்கு வருடப்பிறப்பு என்பது மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமை. ஆகவே அன்றுதான் வருடப்பிறப்பு போலும், என் டேனிஷ் விளங்காமல் அவர் ஏமாந்துவிட்டார், நான் கெஞ்சியதை ஆசி கேட்டதாக நினைத்துவிட்டார் என்று எண்ணி எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

அப்பா படியிறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு ஹோர்சன்ஸுக்குக் கார் எடுத்தார். அதன்பிறகு மாதாமாதம், முடிந்ததை முடிந்தபடி, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பரமு மாமா எங்கள் கதவை மறுபடி தட்டவேயில்லை. எங்கள் வீட்டைத் தேடி வரக்கூடிய ஒரே தமிழ் மனிதரும் வராமல் போனது எனக்கு வெகுகாலம் வெறுமையாக இருந்தது.

இப்போது அந்த நூலகத்தில் கடைசி அடுக்கே இல்லை, கணினிகள் வைத்திருக்கிறார்கள். சீட்டுப் பிடிப்பவர்களும் இல்லை, எல்லோருக்கும் வங்கி கடன் கொடுக்கிறது. சென்ற மாதம் பரமு மாமாவும் இறந்துபோனார். ஹோர்சன்ஸில் அவருடைய இறுதிக் காரியத்துக்குப் போயிருந்தபோது முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வருடப்பிறப்பன்று யாரும் சொல்லாமலே காலில் விழுந்த பிள்ளை நீதானா, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு உன்னைத்தான் அவர் உதாரணம் காட்டுவார் என்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

திரும்பி வரும்போது நான் காரை ஓட்டினேன். அவர் கடைசிவரைக்கும் ஏமாந்தே இருந்திருக்கிறார் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா வெளியே வயலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்டைக்கு வருசப்பிறப்பு இல்லை, பிள்ளை. அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடந்தது. நீ டேனிஷிலை சொல்லி அழுதது மேலை நிண்ட எனக்கே கேட்டது. முன்னுக்கு நிண்டவருக்கு விளங்காமலோ?"

நன்றி சொல்ல வேண்டிய மனிதரை அன்று காலையில்தான் தகனம் செய்துவிட்டு வந்திருந்தோம்.