பசை சேராத சுண்ணாம்பு

செனாவாங்கில் நான் சாயம் அடிக்காத தாமான் குடியிருப்பு ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு என் பெயரில் லாரி ஓடுகிறது. அடித்து முடித்த சுவரைக் கண்ணால் பார்த்துக் கணக்கு முடிப்பவன் அல்ல நான். காய்ந்ததும் உள்ளங்கையை அழுத்தித் தேய்ப்பேன். வேலையாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்பாதான் சாயம் அடிப்பவர். துரை பங்களா, ஆபீஸ், நாங்கள் குடியிருந்த லயம் எல்லாம் அவர் கைதான். சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் பசை காய்ச்சி ஊற்ற வேண்டும். பங்களாவுக்கு ஊற்றுவார்கள். லயத்துக்கு வெறும் சுண்ணாம்பு. தொட்டால் கையோடு வந்துவிடும். அதனால் எங்கள் லயத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சுவரில் சாயாமல் இருக்கவும் பழகிவிடும்.

அக்காவைப் பெண் பார்க்கச் சிரம்பானிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு டவுனில் வேலை. இது அமைந்தால் அக்கா பால்மரம் வெட்டுவதிலிருந்து தப்பிப்பாள். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. அப்பா ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்க் கொஞ்சம் பசை கேட்டார்.

“பசை பங்களாவுக்குய்யா. லயத்துக்குச் சுண்ணாம்பு போதும் லா. உங்க ஆளுங்க என்ன, சுவத்தைப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கப் போறாங்க?”

வீட்டில் அம்மா சொன்னாள்: “அங்க காய்ச்சுறதே நீங்கதானே? ஒரு சிரட்டை எடுத்துட்டு வந்தா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே” என்றார் அப்பா.

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நேர்மையைக் கரைத்துச் சுவரில் பூச முடியுமா? வெறும் சுண்ணாம்பையே திரும்பத் திரும்ப அடித்தார். பார்வைக்கு என்னவோ பங்களாச் சுவரே தோற்றுப்போனது.

வந்தார்கள். அம்மா பாயைச் சுவரைவிட்டுத் தள்ளித்தான் விரித்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன், கறுப்புச் சட்டைக்காரர், பலகாரத்தை மென்றபடியே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். சம்பந்தம் பேச வந்த மனிதரிடம் சாயாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அப்பா தரையைப் பார்த்தார். மாமன் சாய்ந்துவிட்டார்.

எழுந்தபோது முதுகெல்லாம் வெள்ளை. மாப்பிள்ளையின் அம்மா தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்: “சாயம் அடிக்கிறவரு வீடுன்னு சொன்னாங்க. சுவத்துக்கு அடிக்கச் சொன்னா எங்கண்ணனுக்கு அடிச்சு வச்சிருக்கீங்களே?”

மாப்பிள்ளை உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா காப்பித் தட்டை ஏந்தியபடி அப்படியே நின்றாள்.

“சொல்லி அனுப்புறோம்” என்று போனார்கள். அனுப்பவில்லை. அக்கா கடைசிவரை பால்மரந்தான் வெட்டினாள்.

மறுநாள் அப்பா வழக்கம்போலப் பங்களா வேலைக்குப் போனார். மத்தியானம் நான் சோறு கொண்டுபோனேன். காய்ந்த சுவர் ஒன்றின் முன்னால் நின்று, உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. மறுபடியும் தேய்த்தார்.

“சோறு ஆறுதுப்பா” என்றேன்.

“வை” என்றார். திரும்பவில்லை.

சுண்ணாம்புதான் நன்றாகப் பிடித்திருக்கிறதே, இன்னும் எதற்கு அந்த வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன்.