மன்னிப்புக் கேட்ட இயந்திரம்

நான் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறேன் என்று என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ‘ஹார்ட்வேரில் வேலை’ என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னது அப்படியே பரவிவிட்டது. பொய்யில்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்தில், ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆணி, பைப், பெயிண்ட் விற்கிறேன். கம்ப்யூட்டரோடு எனக்கு இருக்கும் ஒரே தொழில் உறவு, கடையில் பில் அடிக்கும் பழைய பெட்டிதான். அது நின்றுபோனால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவேன். ஓடும்.

ஆனால் வாசிப்பேன். பல் விளக்கும்போதே ஒரு கையில் போன் இருக்கும். சிப், ராக்கெட், பேட்டரி, மூளைக்குள் வைக்கும் கம்பி என்று எது வந்தாலும் தலைப்பை வாசித்துவிடுவேன். தலைப்புக்குக் கீழே இரண்டு வரி. அதற்கும் கீழே போனால் வேலைக்கு நேரமாகிவிடும். மிச்சத்தை நானே யோசித்து நிரப்பிக்கொள்வேன்.

அதைக் கேட்கவும் ஆள் இருந்தது. அங்கேதான் வம்பே.

நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அந்தத் தோட்டம் இப்போது பாதி எண்ணெய்க்குப் போடும் செம்பனை, பாதி மாடி வீடுகள். ரப்பர் மரம் போய்விட்டது, பெரட்டு போகவில்லை. அங்கிருந்து கிளம்பி ஈப்போவில் குடியேறிய நாங்கள் ஆறேழு பேர், வேலைக்குப் போகும் முன் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். ஒருவன் வராவிட்டால் ஆள் இருக்கிறானா இல்லையா என்று போன் போகும். கடைக்காரர் பாய், தே தாரிக் என்கிற பால் தேநீரை உயர்த்தி ஆற்றும்போதும் காதை எங்கள் மேஜையிலேயே வைத்திருப்பார்.

“புரொஃபசர் வந்தாச்சு! இன்னிக்கு என்னா கண்டுபிடிச்சிருக்கானுங்க?”

நாற்காலியை இழுப்பதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன். குவாண்டம் கம்ப்யூட்டரை இப்படித்தான் விளக்கினேன்: “சாதா கம்ப்யூட்டரு நம்ம ஈப்போ டவுன்ல ஓடுற காரு மாதிரி அண்ணே. எல்லாம் ஒன்வே. ஒரு முனைய விட்டுட்டா ஊரையே சுத்திக்கிட்டு வரணும். குவாண்டம் எல்லா ரோட்டுலயும் ஒரே நேரத்துல போவும்.”

“அப்ப பார்க்கிங் எங்க போடுவான்?” என்றார் பாய்.

அதற்குத்தான் விஞ்ஞானிகள் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சூரியன் எரிகிற மாதிரியே அணுவை எரித்துக் கரண்டு எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, இனி வீட்டுக்குக் கரண்டு பில்லே வராது என்றேன். மடிக்கிற போனை மூளை இல்லாதவன்தான் வாங்குவான் என்றேன். அடுத்த வாரம் என் மனைவி ஒன்று வாங்கி வந்தாள். என் கருத்துகளால் அதுவரை சேதமானது என் மானம் மட்டுமே. அதுவும் ஏற்கனவே அடிபட்ட சாமான்.

அப்புறம் ஏஐ வந்தது.

ஒருவருடைய குரலை அப்படியே நகல் எடுத்து, அவர் மாதிரியே போனில் பேசும் ஏஐ பற்றி ஒரு காலை தலைப்பு வாசித்தேன். வழக்கம்போல இரண்டு வரி. அன்றைக்குப் பெரட்டில் முதலில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்கேம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு பயம். அதிலும் ஓர் அண்ணன் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. என்னைவிட நன்றாக மூத்தவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர், மனைவி இல்லை, ஒரே மகள். அந்த மகள் பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனப் பையனை ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பையன் சீனன் என்பது அண்ணனுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சேதி பெரட்டில், பாய் வாயிலிருந்து, தனக்கு வந்து சேர்ந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. “ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கட்டும், மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். மகளும் அவர் வளர்த்தவள்தானே. “நான் என்னா தப்பு செஞ்சேன்?” என்று போனவள்தான். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லை.

அண்ணன் மேஜையில் போனைத் திரை மேலே தெரியும்படிதான் வைப்பார். அடித்தால் தேநீரைக்கூட விட்டுவிட்டு நம்பரைப் பார்ப்பார். யார் நம்பரைத் தேடுகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் கேட்டதில்லை.

“குரலு, அழுகை, இருமலு, எல்லாம் அச்சு அசலா வரும்” என்றேன்.

“அப்ப கண்டுபிடிக்கிறது எப்படிலா?” என்றார் அண்ணன்.

அதற்கான பதில் அந்தச் செய்தியின் மூன்றாவது வரியில் இருந்திருக்கலாம். நான் அவ்வளவு தூரம் போனவனில்லை. ஆனால் ஆறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘தெரியாது’ என்று சொல்ல என் நாக்குக்கு வராது.

“மரியாத அண்ணே” என்றேன். “மிஷினு ரொம்ப மரியாதையா பேசும். தொட்டதுக்கெல்லாம் சாரி சொல்லும். நம்ம ஆளுங்க என்னிக்கு சாரி சொல்லியிருக்கானுங்க?”

கடையே சிரித்தது. ரொட்டி வீசுகிறவர்கூட மாவைக் கல்லில் போட்டுவிட்டுச் சிரித்தார். கடைக்குப் போய் ஆணி எடைபோடும்போதும் அந்த வாக்கியத்தை நினைத்து நானே ரசித்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் லாட்டரி விழுந்த களை.

“நேத்து சாயந்தரம் எனக்கு வந்துச்சுடா.”

“என்னாது அண்ணே?”

“அதான், ஒன் ஏஐ! தெரியாத நம்பரு. எடுத்தா ‘அப்பா’ன்னு அழுவுது. என் மவ குரலு, அப்படியே. ஒரு நிமிஷம் நானும் அவதான்னு நெனச்சிட்டேன். அப்புறம் சொல்லுது, ‘மன்னிச்சிருங்கப்பா, ஒங்ககிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான்’னு. அங்கதான் மாட்டிக்கிச்சு. என் மவளாவது மன்னிப்புக் கேக்குறதாவது!”

மேஜை குலுங்கச் சிரித்தோம். “டெஸ்ட் வெச்சீங்களா அண்ணே?” என்றேன், ஏதோ ஆய்வுக்கூடத்துத் தலைவன் மாதிரி.

“வெச்சேன்லா. நம்ம கோயில் திருவிழாவுல மொதல் கூழுப்பானை எந்த வீட்டுதுன்னு கேட்டேன். ‘நம்ம வீட்டுதுதானே’ன்னு டக்குன்னு சொல்லுது!”

“அது எப்படித் தெரியும் அதுக்கு?” என்றார் பாய்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “போன திருவிழாவுக்கு நான் வீடியோ எடுத்துப் போட்டேன்ல. அதுல இருந்து படிச்சிருக்கும்” என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“காசு கேட்டிச்சா?” என்றார் பாய்.

“கேக்கல.”

“மொத கால்ல கேக்க மாட்டானுங்க. மொதல்ல நம்ப வெப்பானுங்க” என்றேன்.

“பின்னாடி ஒரு கொழந்த அழுவுற சத்தம் கேட்டுச்சுடா.”

“அதெல்லாம் எஃபெக்ட்டு அண்ணே. மனசு எளகட்டும்னு போடுறது.”

“கடைசியா என்னா சொன்னீங்க?” என்றார் பாய்.

“‘என் மவளுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியாது, வெய்யிடி மிஷினு’ன்னு வெச்சிட்டேன்.”

கைதட்டினோம். அண்ணனுக்கு என் கணக்கில் ஒரு ரொட்டி சானாய் சொன்னேன். அவர் பிய்த்துத் தின்றுகொண்டே, யாரையும் பார்க்காமல், “ஆனா ஒண்ணு. குரலு நல்லாத்தான்டா செஞ்சிருந்தான்” என்றார். அன்றைக்கு அவர் போன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. தொழில்நுட்பம் அறிந்தவனில்லையா.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள்.

“அண்ணன் மவ எனக்கு போன் பண்ணுனா. தேம்பித் தேம்பி அழுவுறா. புள்ள பொறந்திருக்கு, அப்பாகிட்ட சொல்லலாம்னு வீட்டுக்காரர் போன்ல கூப்பிட்டாளாம். அவரு மிஷினுன்னு திட்டிட்டு வெச்சிட்டாராம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “யாருங்க அவருக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

கேள்வி மாதிரி கேட்டாள். கேள்வி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? வண்டியை எடுத்து அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பத்து நிமிஷ ஓட்டம். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். “அண்ணே, நான்தான். நான் சொன்னது தப்பு அண்ணே. அது நெசமாவே ஒங்க மவதான். மன்னிச்சிருங்க.” அவர் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொல்ல முடிந்ததே, விஞ்ஞானம் வாழ்க என்று நினைத்துக்கொண்டேன். அவர் பதில் போடவில்லை. கோபமாக இருப்பார், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பெரட்டுக்கு நான் போய்ச் சேரும்போது மேஜையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் அண்ணன், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

“வாடா வா! ஒன்னையும் காப்பி எடுத்துட்டானுங்க!”

போனிலிருந்து என் குரல் வந்தது. குளியலறை எதிரொலியோடு. நான் சொன்னது தப்பு அண்ணே.

“நானே ஒரு செகண்ட் ஏமாந்துட்டேன்” என்றார் அண்ணன். “அப்புறம் பாத்தா, தப்புன்னு ஒத்துக்கிறான்! நம்ம புரொஃபசராவது தப்புன்னு ஒத்துக்கிறதாவது!”

பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். யாரோ என் முதுகில் தட்டினார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், என்னால். அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டால் நான் புரொஃபசராகவே தொடரலாம் என்று ஒரு நினைப்பு வந்ததை மறைப்பதற்கில்லை. வந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது.

“அண்ணே, அது நான்தான்” என்றேன்.

“நீதான்லா, ஒன் குரலுதான், அதத்தானே சொல்லுறேன்…”

“இல்ல அண்ணே. நானே பேசி அனுப்புனது. அன்னிக்குக் கூப்பிட்டதும் ஒங்க மவதான். அந்தக் கொழந்த, ஒங்க பேரப்புள்ள.”

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. பாய் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை அப்படியே இரண்டு குவளையிலும் பாதிப் பாதியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனைப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த ரொட்டியெண்ணெயைச் சட்டையில் துடைத்தார்.

“பின்னாடி அழுதுச்சே” என்றார். “அதுவா?”

“ஆமா அண்ணே.”

“வண்டிய எடு.”

கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஓட்டினேன். கோப்பெங் தாண்டி, கம்பார் தாண்டித் தெற்கே போனோம். நான் ரேடியோவைக்கூடத் தொடவில்லை. தாப்பாவில் நிறுத்தச் சொன்னார். ஒரு துணிக்கடையில் குழந்தைச் சட்டை கேட்டார்.

“எத்தன மாசம் அங்கிள்? ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?” என்றாள் கடைக்காரப் பெண்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நிலாவுக்கு எந்த நாடு எப்போது ராக்கெட் விடுகிறது என்று விரலில் வைத்திருக்கிறவன் நான். இது எனக்கும் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“மஞ்சளா ஒண்ணு குடும்மா” என்றார் அண்ணன். “பெருசாவே குடு.”

பீடோரில் மகள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று அவர் கூப்பிடவில்லை. சும்மா நின்றார். நாய் குரைத்ததில்தான் அவள் வெளியே வந்தாள், தோளில் சாய்த்த குழந்தையோடு. அப்பாவைப் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

“எதுக்கு வந்தீங்க? மிஷினோட என்னா பேச்சு ஒங்களுக்கு? போன வெச்சிட்டீங்கல்ல, அப்படியே போவ வேண்டியதுதானே!”

அண்ணன் என் தோளைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார். “இதுதான்டா என் மவ” என்றார். அவள் இன்னும் இரண்டு வார்த்தை திட்டினாள். திட்டிக்கொண்டேதான் கேட்டைத் திறந்தாள். குழந்தையை அவர் கையில் கொடுக்கும்போதும், “தலைய புடிங்க, லாரி ஸ்டேரிங் மாதிரி புடிக்காதீங்க” என்றாள். பெண் குழந்தை.

நான் செருப்பருகிலேயே நின்றேன். மருமகன் உள்ளே கூப்பிட்டு, புளிப்பான அசாம் பொடி தூவிய கொய்யாத் துண்டுகளை ஒரு தட்டில் வைத்தான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம்தான், ஆனால் என்னை யார் என்று தெரியும் போலிருந்தது. சிரிக்காமல் வைத்தான். அவளும் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“சித்தப்பா, மரியாதையா பேசுனா மிஷினுன்னு நீங்கதான் சொன்னீங்களா?”

கொய்யா வாயில் இருந்தது. தலையை ஆட்டினேன்.

“ஒரு வாரமா அந்த மன்னிப்ப சொல்லிச் சொல்லிப் பாத்தேன் சித்தப்பா. கொய்யாவுக்குப் பையி கட்டுறப்பல்லாம். எனக்கு வாயிலயே வராது அது. இவரு முன்னாடி நின்னு சொல்லிக் காட்டி, அப்புறந்தான் போன் போட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அந்தக் கொய்யாவை என்னால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஏஐயைப் பற்றி, குரலைப் பற்றி, இயந்திரத்துக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிச் சொல்ல ஒரு தலைப்புகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. “மன்னிச்சிரும்மா” என்றேன், வாய் நிறைய. சரியாகக் கேட்டிருக்காது. திரும்பச் சொன்னேன்.

வெயில் சாய்ந்தபின் கிளம்பினோம். மஞ்சள் சட்டை குழந்தைக்கு முழங்கால் வரை தொங்கியது; அதைப் போட்டுத்தான் வழியனுப்பினார்கள். தாப்பா தாண்டியதும் அண்ணன் போனை எடுத்தார். மகளின் புது நம்பரைப் பெயர் போட்டுப் பதிய வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடினார். அழித்தார். மறுபடி தேடினார்.

“குடுங்க அண்ணே, ஓரமா நிறுத்தி நான் போட்டுத் தாரேன்” என்றேன். இந்த ஒரு வேலையாவது எனக்கு உருப்படியாகத் தெரியும்.

போனை என் பக்கமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“நீ ரோட்டப் பாரு” என்றார்.

பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கோப்பெங் வந்தபோது அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.