லோர்னா தூக்கிய கை

மிச்சிகனில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் சிறு நகரத்தில், லோர்னா புரூயிட் பனி தள்ளும் லாரி ஓட்டினாள். நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய வாரியத்தில் தொழிலாளர் சார்பில் ஓர் இடம் காலியானபோது வேறு யாரும் நிற்கவில்லை. அவள் நின்றாள்.

முதல் கூட்டத்திலேயே வாரியத்தின் வக்கீல் சொல்லிவிட்டார்: “இந்த நாற்காலியில உக்காந்துட்டா நீங்க லாரிக்காரங்க ஆள் இல்லைம்மா. இப்ப பென்ஷன் வாங்குற பெரியவங்க, இனிமே வேலைக்குச் சேரப்போற பசங்க, அத்தனை பேருக்கும் நீங்க பொறுப்பு.”

லோர்னா தலையாட்டினாள்.

சில வருடங்களில், ஓய்வூதிய நிதியைப் போட்டிருந்த பங்குச் சந்தை சரிந்தது. பென்ஷனை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போனால் இளைய ஊழியர்களின் காலத்தில் நிதி வற்றிவிடும் என்றார் கணக்கு நிபுணர். உயர்வை நிறுத்தத் தீர்மானம் வந்தது. மண்டபம் நிறைய ஓய்வுபெற்றவர்கள். இரண்டாவது வரிசையில், சர்ச்சுக்குப் போடும் கோட்டோடு, லோர்னாவின் அக்கா பெர்னீஸ் இருந்தாள். நகராட்சி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள்.

வாரியத்தின் மற்ற ஆறு பேரும் சரிபாதியாகப் பிரிந்துவிட்டார்கள். கடைசியாக லோர்னாவின் பெயர். நிறுத்தலாம் என்று கையைத் தூக்கினாள். யாரோ கத்தினார்கள். அவளுக்குள் எதுவும் அசையவில்லை. கை மேலே நிற்பதைப் பார்த்தாள். இறக்க வேண்டும் என்று நினைவு வந்து இறக்கினாள்.

வீட்டில் பெர்னீஸ் சூப்பைச் சுடவைத்திருந்தாள்.

“கைதான் நல்லா வேலை செய்யுதே. அப்படியே அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளு.”

“பெர்னீஸ், கேளு…”

“பேசாதடி. பேசினா அழுதுடுவேன். சூப்பு ஆறிடும்.”

வாரியத்தின் அடுத்த தேர்தலில் ஓய்வுபெற்றவர்களுக்கான இடத்துக்குப் பெர்னீஸ் நின்றாள். “பக்கத்துலயே உக்காந்து உன்னைக் கிள்ளுறேன் பாரு” என்றாள். அமோகமாக ஜெயித்தாள். நிறுத்திய உயர்வைத் திரும்பக் கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, வாரக்கணக்கில் சமையலறை மேசையில் அறிக்கைகளைப் பரப்பிப் படித்தாள். லோர்னாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூட்டத்தில் முதலில் அழைத்தது பெர்னீஸின் பெயரைத்தான்.

“வேண்டாம். நிறுத்தினது நிறுத்தினபடியே இருக்கட்டும்.”

“தங்கச்சி மயக்கிட்டாளா?” என்று ஒரு பழைய தீயணைப்பு வீரர் எழுந்தார்.

“இல்ல, ரஸ்ஸல். நானே படிச்சேன். அதான் வினை.”

திரும்பும்போது லோர்னாதான் கார் ஓட்டினாள். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

“உனக்கு ஏதாவது தோணுதாடி?” என்றாள் பெர்னீஸ்.

“ஒண்ணும் இல்ல.”

“எனக்கும் இல்ல. அழுகையாவது வரும்னு நெனச்சேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர்கள் பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. இடம் நிறைய இருந்ததால் கோட்டுகளைக் கழற்றிப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொண்டார்கள்.